மூடிய பள்ளிக்கூடத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் இதைப் படிக்க வந்திருப்பீர்கள். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெட்டிக்கடைக்கு எதிரே கடல் பக்கம் திரும்பி, கருவேல மரங்களுக்கு நடுவே இரண்டரை கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு மீனவ ஊர். அங்கே இருக்கும் பழைய பஞ்சாயத்து யூனியன் தொடக்கப்பள்ளியில் பத்துப் பெண்கள் சேர்ந்து மதியச் சாப்பாடு போடுகிறார்கள். மகளிர் குழுதான். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக் கடை என்றுதான் சொல்கிறார்கள். கட்டடம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை, அதனால் ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அக்காமார் கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

எனக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவையும் சொல்லிவிட வேண்டும். அம்மா பிறந்த ஊர் அது. அப்பா துபாயில் இருந்த இரண்டு வருஷம் நாங்கள் அம்மாச்சி வீட்டில் இருந்தோம், மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறேன், மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பாசத்தில் பாராட்டுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு தடவை அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நினையுங்கள்.

குழம்பு மண்சட்டியில்தான் வருகிறது. வைப்பது ஒரு வயதான அக்கா, இதே பள்ளியில் இருபத்தைந்து வருஷம் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்றவர், எனக்கும் தட்டில் போட்டவர். ராமநாதபுரம் குண்டு மிளகாயை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, மல்லியும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்து அம்மியில் வைத்து அரைக்கிறார். மிக்ஸி இருக்கிறது, தேங்காய்க்கு மட்டும் அதை எடுக்கிறார். குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதன் குணம் என்ன என்று தெரிய வேண்டுமானால் இந்தக் குழம்பில் தெரியும். நாக்கில் வைத்ததும் சுள்ளென்று ஏறாது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு தொண்டைக்குக் கீழே மெதுவாகச் சூடு பரவும், வாசனை தனியாக நிற்கும். புளியைக் கரைத்து ஊற்றி, கொதி அடங்கிய பிறகுதான் மீனைப் போடுகிறார், அப்புறம் கரண்டியே போடுவதில்லை. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுகிறார், அவ்வளவுதான். ஒரு துண்டுகூட உடைந்து நான் பார்த்ததில்லை.

என்ன மீன் என்பது அன்றைக்குக் கடல் கொடுப்பதைப் பொறுத்தது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் இருப்பது வள்ளங்கள், அதாவது நாட்டுப்படகுகள் மட்டும், காலை ஒன்பது பத்து மணிக்குக் கரைக்கு வரும் மீன் பன்னிரண்டரைக்கு உங்கள் இலையில் இருக்கும். விளமீன், பாறை, காரல், சூடை, எது வந்தாலும் அதுதான் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு மட்டுமே என்பதால் அந்த மாதங்களிலும் கடை நடக்கிறது, ராமநாதபுரத்துக் கடைகளில் ஐஸ் மீன் போடும் நாளிலும் இங்கே வள்ளத்து மீன் கிடைக்கும். சாப்பாடு 120 ரூபாய், குழம்பு, ரசம், மோர், ஒரு கீரை, ஒரு கூட்டு. வறுவல் தனி. கணவாய் மிளகு வறுவல் 100, நீலக்கால் நண்டு அன்றைய விலை. நண்டில் பெரியது எல்லாம் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விடுகிறது, கடைக்கு வருவது நடுத்தரம், ஆனால் சதை நிறைந்து இருக்கிறது. புதன்கிழமை மட்டும் சித்திரைக்கார் அரிசிக் கஞ்சியும் சூடைக் கருவாடும், அதைச் சாப்பிடவே பரமக்குடியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன்.

ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம், மூன்று அறை, முன்னால் தாழ்வாரம், தள்ளிச் சத்துணவுக் கூடம். நடு அறையில்தான் சாப்பாடு. சுவரில் அ அம்மா, ஆ ஆடு இன்னும் இருக்கிறது, ஈ படத்துக்கு நேராக மின்விசிறி சுவிட்சைப் பொருத்திவிட்டார்கள். வாத்தியார் மேஜை போட்டிருந்த மேடையில் கல்லாப்பெட்டி. கரும்பலகையில் தேதி, கிழமை, அதற்குக் கீழே பதிவு, வருகை என்று எழுதுவார்களே, அந்த இடத்தில் இன்றைய மீன், விலை என்று எழுதுகிறார்கள், கையெழுத்து அழகாக இருக்கிறது, குழுவில் ஒரு பெண் பிளஸ் டூ வரை படித்தவர். முற்றத்துப் பூவரசு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்குகிறது. நாங்கள் படித்தபோது அதுதான் மணி. இப்போது குழம்பு இறக்கியதும் பன்னிரண்டரைக்கு அதைத்தான் அடிக்கிறார்கள், அந்தச் சத்தம் கேட்டதும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் மூடியதற்குத் தனியாக ஒருவரைக் குறை சொல்ல முடியாது. மெயின் ரோட்டுப் பக்கம் ஆங்கில வழிப் பள்ளிகள் வந்தன, வேன் ஊருக்குள்ளேயே வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனது. வசதி வந்தவர்கள் ராமநாதபுரத்துக்குக் குடிபோனார்கள். வீட்டுக்கு ஐந்து பிள்ளை இருந்த காலம் போய் ஒன்று, இரண்டு என்று ஆனது. ஒன்பது பேர், நாலு பேர், அப்புறம் ஒரு ஜூனில் ஒருவரும் சேரவில்லை. ஆசிரியரை மாற்றிவிட்டு, பூட்டைப் போட்டுவிட்டார்கள். 2019இல், சேர்க்கை இல்லாத பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கப் போவதாக அரசு சொன்னபோது இங்கேயும் ஒரு பேச்சு ஓடியது, ஒரு பீரோகூட வந்து இறங்கியது, புத்தகம் வரவில்லை. அந்தப் பீரோவில்தான் இப்போது அரிசி இருக்கிறது. குழுப் பெண்கள் மனு மேல் மனு கொடுத்து, நடு அறைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் மட்டும் மாத வாடகைக்கு அனுமதி வாங்கினார்கள், ரசீது எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

இப்போது அந்தக் கட்டடத்தை விற்கலாமா வேண்டாமா என்பதுதான் ஊர்ப் பேச்சு. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம், கடலைப் பார்த்த மாதிரி தங்கும் விடுதி நடத்த ஆசையாம், பெரிய தொகை சொன்னாராம். அன்றிலிருந்து ஊர் இரண்டாக இல்லை, நாலாகப் பிரிந்து நிற்கிறது. சனிக்கிழமை மதியம் போனால் நாலு பேரையும் ஒரே பெஞ்சில் பார்க்கலாம்.

போன மாதம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், கரையில் எல்லாரும் மதிக்கிற ஆள், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஏப்பா, பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடத்தக் கட்டி அழுது என்ன செய்ய? வித்துட்டு வலை பின்னுற கூடம் ஒண்ணு கட்டுவோம். வெயில்ல உக்காந்து வலை கட்டுறது நாங்கதான?” அது நியாயமான கேள்வி. அந்தக் கரையில் நிழல் என்று சொல்ல நாலு தென்னையைத் தவிர ஒன்றும் இல்லை.

அதற்குப் பக்கத்து இலையிலிருந்து பதில் வந்தது. நிலத்தைத் தானமாகக் கொடுத்த குடும்பத்துப் பேரன். “எங்க தாத்தா பிள்ளைக படிக்கக் கொடுத்த இடம் மாமா. படிக்கலேன்னா அது எங்களுக்குத்தான் திரும்பணும். ஊரு எப்படி விக்கும்?” அப்புறம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பி, கல்யாண மண்டபமாக்கினால் ஊருக்கு வருமானம், ஒவ்வொரு விசேஷத்துக்கும் ராம்நாடுக்கு ஓட வேண்டியதில்லை என்றார். ஓரத்தில் பார்சல் வாங்க நின்ற ஒரு அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “எம் பிள்ளை ரெண்டாப்பு. வேனுக்குக் கொடுக்க எங்கிட்ட காசு இல்ல. ரோடு தாண்டித்தான் நடந்து போறான். நீங்க விடுதி கட்டுங்க, மண்டபம் கட்டுங்க.”

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர். அந்தப் பையன் நடப்பது இரண்டரை, அதுவும் லாரி போகிற சாலையைக் கடந்து. பிள்ளையே இல்லை என்று பெரியவர் சொன்னார், ஒரு பிள்ளையின் அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

சமையல்கார அக்காவுக்கு இந்தப் பேச்செல்லாம் பழகிவிட்டது. “சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசுங்க, ரசம் ஆறுது” என்று கரண்டியோடு வந்து நின்றார். எல்லாரும் அடங்கினார்கள். அவரிடம் சத்துணவு சாப்பிடாத ஆளே அந்தப் பெஞ்சில் இல்லை, பெரியவரைத் தவிர.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நாலு பேரும் நாலு விதமாகப் பேசுகிறார்கள், ஒருவர் கையிலும் ஒரு தாள் இல்லை. விற்கப்போகிறார்கள் என்று யார் சொன்னது, எந்த அலுவலகம், எந்தத் தேதி? விசாரித்தால் எல்லாரும் இன்னொருவரைக் காட்டுகிறார்கள். ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம் என்றால், நம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோதுதான் இந்தப் பேச்சே சூடு பிடித்தது. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். வெள்ளைத் தாள், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை, நாலு கேள்வி: நிலம் யார் பெயரில் இருக்கிறது, விற்பனைக்கு ஏதாவது முன்மொழிவு இருக்கிறதா, கட்டடத்தின் நிலை பற்றி ஆய்வு நடந்ததா, நடந்திருந்தால் அறிக்கையின் நகல். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், 27ஆம் நாள் வந்தது.

அதைப் படித்தபோதுதான் ஊர் எவ்வளவு தவறான இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. விற்பனைக்கு எந்த முன்மொழிவும் நிலுவையில் இல்லை. நிலுவையில் இருப்பது இடிப்பு. பழுதடைந்த கட்டடங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது, பொறியாளர் ஆய்வுக்குப் பிறகு இடித்து, ஓடு, மரம், கம்பி, கல் ஆகியவற்றை ஏலம் விடுவது பற்றிய கோப்பு. ஏலம் என்ற ஒரு சொல் எப்படியோ வெளியே கசிந்து, அதோடு அந்த விடுதிக்காரர் வந்து போனதும் சேர்ந்து, விற்கப்போகிறார்கள் என்று ஆகிவிட்டது.

இரண்டும் ஒன்றில்லை, இதை ஊர்க்காரர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். இடிப்பு ஏலத்தில் போவது சாமான்கள் மட்டும், நிலம் அப்படியே இருக்கும், வரும் தொகையும் சொற்பம். நிலத்தை விற்பது வேறு. யூனியன் பள்ளியின் சொத்து ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, ஊர்க்கூட்டம் போட்டு விற்க அதிகாரம் கிடையாது, அரசின் அனுமதி இல்லாமல் ஒன்றியமும் விற்க முடியாது. அந்தத் தொகை நேராக வலை பின்னும் கூடத்துக்கு வந்துவிடும் என்று பெரியவர் நினைப்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

தாத்தா கொடுத்த நிலம் என்ற பேரனின் பேச்சையும் லேசாகத் தள்ளிவிட முடியாது, ஆனால் அது முழுக்க அந்தப் பத்திரத்தைப் பொறுத்தது. தானமாகக் கொடுத்ததை, நினைத்தபோது திரும்ப எடுக்கச் சட்டத்தில் வழியில்லை, பத்திரத்திலேயே அப்படி ஒரு நிபந்தனை எழுதியிருக்க வேண்டும். பேரன் வீட்டில் ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். 1975க்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் ஆன்லைனில் வராது தம்பி என்று சொன்னேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடித்தான் எடுக்க வேண்டும். எனக்கு வந்த பதிலோடு இணைத்திருந்த அ-பதிவேட்டு (நில விவரம் எழுதி வைக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகலில் அந்தப் புல எண்ணுக்கு நேராகப் பள்ளிக்கூடம் என்றுதான் இருக்கிறது. பத்திரம் கிடைத்தால் அவரே எனக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார், பண்ணுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாருமே பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் கடற்கரையிலிருந்து பள்ளிக்கூடத் தாழ்வாரம் வரை நடந்து பார்த்தேன். பெரிய ஏற்றத்தில் தண்ணீர் வந்து பாசியும் சிப்பியும் ஒதுக்கியிருந்த கோட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எட்டு வைத்து நடந்து எண்ணினேன். 160 எட்டு. என் எட்டு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 120, 130 மீட்டர் இருக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி, இந்த மாதிரி ஜன நெருக்கம் இல்லாத கிராமக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை. 2019இல் வந்த அறிவிக்கையில், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமப் பகுதிக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். மற்ற இடங்களுக்கு 200தான். ஆனால் ஏற்கெனவே முறையாகக் கட்டி இருக்கிற கட்டடத்தை, அதன் அளவு கூடாமல் பழுது பார்க்கலாம்.

விடுதிக்காரர் ஏன் வெறும் மனையைக் கேட்காமல் பழைய ஓட்டுக் கட்டடத்தைக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடத்தின் விலை மண்ணில் இல்லை, சுவரில் இருக்கிறது.

இடித்துவிட்டால் அந்தச் சுவர் போய்விடும். அதற்கப்புறம் அங்கே கல்யாண மண்டபமும் வராது, சாப்பாட்டுக் கடையும் வராது. உள்ளூர் மக்களுக்கான பள்ளி, மருந்தகம், மழைக்கு ஒதுங்கும் கூடம், பொதுக் கழிப்பறை மாதிரியானவற்றுக்கு மட்டும் வழி உண்டு, அதற்கும் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வரை போய் அனுமதி வாங்க வேண்டும். அத்தனை தூரம் போய் நமக்காக யார் அலைவார்கள்? கருவேலம் முளைத்துக் கிடக்கும். சிங்கப்பூர்த் தம்பியிடம் இதைச் சொன்னபோது சாப்பாட்டை நிறுத்திவிட்டு, “அப்ப இடிக்கவே கூடாதே அண்ணே” என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன். விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் நிதானமாகச் சண்டை போடலாம், முதலில் அந்த இடிப்புக் கோப்பை நிறுத்த வேண்டும்.

கட்டடம் நன்றாக இருக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மேற்குப் பக்க அறை, ஒன்றாம் வகுப்பு நடந்த அறை, சன்னல் மேல்மட்டத்திலிருந்து தரை வரை விரிசல் விட்டிருக்கிறது. என் சுண்டுவிரல் முதல் கணு வரை உள்ளே போனது. உப்புக் காற்றில் தாழ்வாரத்துத் தூண் ஒன்றில் கம்பி வெளியே தெரிகிறது, துருப்பிடித்துப் பொரிந்து உதிர்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள், அந்தக் கவலையில் ஒரு குறையும் காண முடியாது. குழுப் பெண்கள் மேற்கு அறையைக் கயிறு கட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போனால் சத்தம் போடுகிறார்கள். ஆனால் நடு அறையும் கிழக்கு அறையும் கருங்கல் அடித்தளத்தில் அசையாமல் நிற்கின்றன, போன மழைக்கு நடு அறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுதாமல், அறை அறையாகப் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கேட்கப்போன ஒரு அலுவலகத்தில் அதெல்லாம் முடியாது, கட்டடம் என்றால் ஒரே கட்டடம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

மழையைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுக்குறைந்து நம் மாவட்டக் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றதே, அந்த இரண்டு இரவும் கரையோரக் குடிசைக்காரர்கள் படுத்தது இந்தப் பூட்டிய பள்ளிக்கூடத்தில்தான், பூட்டைத் திறந்துவிட்டவர் யார் என்று இன்றுவரை யாரும் சொல்வதில்லை. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது இங்கே அவ்வளவு இல்லை, ஆனாலும் பள்ளிக்கூடத் திண்ணையில் ஊரே நின்றது. கடை நடக்கிறது என்பதால் அன்றைக்கு அடுப்பும் அரிசியும் தயாராக இருந்தன, நூற்றைம்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். காசு வாங்கவில்லை. அந்தத் திண்ணை தரையிலிருந்து நாலு படி உயரம், கட்டியவர்கள் கடலைத் தெரிந்து கட்டியிருக்கிறார்கள்.

கடையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பள்ளிக் கழிப்பறை பின்னால் நன்றாகத்தான் நிற்கிறது, வாடகை அனுமதியில் அது சேரவில்லை, சாவியும் தரவில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவ ஒரே குழாய், உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர்தான். சனி, ஞாயிறு கூட்டத்தில் இருபது நிமிஷம் தாழ்வாரத்தில் நிற்க வேண்டி வரும், கார் நிறுத்த இடம் கேட்டு முற்றத்து மரத்தடியை மறிக்காதீர்கள், அங்கேதான் இலை போடப் போகிற வழி. ரசம் சில நாள் புளிப்புத் தூக்கலாக இருக்கிறது, அக்காவிடம் சொன்னேன், “உனக்கு நாலாப்புலயே அப்படித்தான்” என்றார். கூட்டு எப்போதும் ஒரே மாதிரி, அதில் கொஞ்சம் மாற்றம் வரலாம்.

பரிமாறும் முறைக்கு மட்டும் முழு மதிப்பெண். சோறு கேட்கும் முன் வருகிறது, மீன் துண்டு சின்னதாக இருந்தால் அவர்களே சொல்லிவிட்டு இன்னொன்று வைக்கிறார்கள். தனியாக வரும் பெண்களை உள்பக்கம் காற்று வரும் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். மாதாந்திரக் குழுக் கடன் தவணை போக ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள், அந்தப் பத்தில் மூன்று பேர் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கிழக்கு அறையும் கிடைத்தால் அதில் சாயங்காலம் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தயார் என்கிறார்கள், கரும்பலகையில் மீன் விலை எழுதுகிற அந்தப் பெண்தான். வலை கட்டத் தாழ்வாரத்தைக் காலையிலும் மாலையிலும் விட்டுக்கொடுக்கிறோம் என்று பெரியவரிடம் அவர்களே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் போன வாரம் அவருடைய வலை ஒன்று தாழ்வாரத்துத் தூணில் கட்டிக் கிடந்தது.

அவர்களுடைய வாடகை அனுமதி மார்ச் 31 வரைதான். ஜனவரி 26 கிராம சபையில் இந்தக் கட்டடத்தைப் பொருளாக வைத்து, இடிப்பதற்கு முன் அறைவாரியாக ஆய்வு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடக் கேட்டு ஒரு மனு தயாராகிறது, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ரசீதுக் கோப்புக்கு மேல் இருக்கிறது. அந்த ஊராட்சியில் ஓட்டு இருக்கிறவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார்கள், தேதி, ஊர், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். கட்டடம் புழக்கத்தில் இருக்கிறது என்று காட்ட அதையும் மனுவோடு இணைக்கப் போகிறார்கள். சனிக்கிழமை என்றால் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், நண்டு அதற்கு மேல் இருக்காது.